சந்தைக்கு முந்தின நாள் வேலை: பிரிட்ஜில் வைத்தது குப்பைக்குப் போகாமல் இருக்க முழுமையான வழிகாட்டி

சேலத்தில் வெயில் ஏறிவிட்டால் காலையில் வாங்கிய கொத்தமல்லி மத்தியானத்துக்குள் தலை சாய்ந்துவிடும். அந்தப் பயத்தில் வாங்கியது எல்லாவற்றையும் பிரிட்ஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். உள்ளே போய்விட்டால் கெடாது என்று ஒரு நம்பிக்கை. உள்ளேயும் அது கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக, நம் கண்ணில் படாமல்.

என் வீட்டிலும், தங்கை வீட்டிலும், நாத்தனார் வீட்டிலும், எங்கள் காம்பவுண்டில் நான்கைந்து வீடுகளிலும் கூடவே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். காய் ஒரு தட்டு, பால் ஒரு தட்டு, மிச்சம் ஒரு தட்டு என்று வகை பார்த்து அடுக்குகிறார்கள். எது முதலில் கெடும் என்று பார்த்து அடுக்க வேண்டும். நாளைக்குள் தீர வேண்டியது முன்னால், கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான், வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஒற்றைக் கதவு பிரிட்ஜை மனதில் வைத்து எழுதுகிறேன். இரட்டைக் கதவுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

முதலில் நாள் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கோ சூரமங்கலம் உழவர் சந்தைக்கோ போகிற வீடு என்றால் சனிக்கிழமை சாயங்காலம் உட்காருங்கள். அன்றைக்குத்தான் பிரிட்ஜ் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். சந்தையிலிருந்து வந்த கையோடு ஆரம்பித்தவர்கள் முடித்து நான் பார்த்ததில்லை. தரை முழுக்கப் பைகள் கிடக்கும், பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்து நிற்பார்கள், கடைசியில் எல்லாம் பழையபடியே உள்ளே போய்விடும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வேண்டிய பொருட்கள் கொஞ்சம்தான். பழைய பருத்தி வேட்டி ஒன்று, கைக்குட்டை அளவில் பத்துப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்தது. பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் ஒரு சுருள், ஒரு பேனா, ஒரு நோட்டு. தட்டையான தட்டோ கூடையோ இரண்டு. ஸ்வீட் கடைப் பெட்டியின் மூடிகூடப் போதும். பிரிட்ஜுக்குள் வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று. கீரை சுற்றச் செய்தித்தாளை எடுக்க வேண்டாம், ஈரத்தில் மை இலையில் ஒட்டும்.

டப்பா செட் எதுவும் இப்போது வாங்காதீர்கள். என் தம்பி மனைவி முதல் வேலையாகப் பன்னிரண்டு டப்பா வாங்கி வந்தாள். அடுக்கிப் பார்த்தால் மாவுப் பாத்திரம் வைக்க இடமில்லை. உங்கள் வீட்டில் எந்தப் பொருள் வீணாகிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த அளவு டப்பா வேண்டும் என்று தெரியும்.

1. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எறிவதை எழுதுங்கள்

பாதித் தட்டை ஒதுக்கி வைப்பது வேலைக்கு ஆகாது. கதவில் இருக்கும் ஊறுகாய் பாட்டில் வரை மேடைக்கு வரட்டும். பால், மாவு, மீன், கறி மட்டும் தனியாக ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, ஐஸ் கட்டிகளை மேலே கொட்டி மூடிவிடுங்கள்.

இப்போது எறிய வேண்டியதை எறியுங்கள், ஆனால் எழுதிவிட்டு எறியுங்கள். பொருள், அளவு, ஏன் வீணானது என்று மூன்றும் வேண்டும். என் நோட்டின் முதல் பக்கம் இன்னும் இருக்கிறது: கொத்தமல்லி ஒரு கட்டு, அடியில் கூழ். சாம்பார் இரண்டு கிண்ணம், எந்த நாள் என்று தெரியவில்லை. தேங்காய் மூடி ஒன்று, வழுவழுப்பு. அரை எலுமிச்சை மூன்று. பீட்ரூட் கேரட் துருவல் ஒரு டப்பா. அந்தத் துருவல், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவல் வைப்பது) போட்டுக் கொடுத்த நாளில் மிஞ்சியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்னால் நகர்த்தினேன், அதோடு சரி.

‘ஏன்’ என்பதற்கு மூன்று பதில் போதும்: அதிகம் வாங்கியது, அதிகம் சமைத்தது, மறந்தது. நான் உட்கார்ந்த வீடுகளில் எல்லாம் ‘மறந்தது’தான் நீளமான பட்டியல். மேல்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “இதை எப்ப வச்சேன்னே தெரியலையே கண்ணு” என்றார். அவர் சமையலில் அளவு தப்பாதவர். அவருக்குத் தேவைப்பட்டது டேப்பும் பேனாவும்தான், குறைத்துச் சமைக்கும் யோசனை இல்லை. அதனால்தான் காரணத்தை எழுதச் சொல்கிறேன். காரணம் தெரியாமல் அடுக்கினால் அடுக்கு அழகாக இருக்கும், வீணாவது மாறாது.

2. குளிர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்

உள்ளே வெதுவெதுப்பான துணியால் துடைத்த பிறகு கதவு ரப்பரைப் பாருங்கள். மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும், பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். அப்புறம் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக இழுபட்டு வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீரில் வைப்பது ஏனென்றால், கதவைத் திறந்ததும் காற்றின் சூடு சட்டென்று மாறும், தண்ணீர் மாறாது. பாலும் குழம்பும் எந்தச் சூட்டில் இருக்கின்றன என்பதை அந்தத் தண்ணீர்தான் சரியாகச் சொல்லும்.

குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் உள்ள எண்ணைச் சூட்டின் அளவு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எண் ஏற ஏறக் குளிர் கூடும், அவ்வளவுதான். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு வைத்த எண் மார்கழிக்கு அதிகம். ஏற்காட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் குளிர்காலத்தில் எண்ணை இறக்காமல் விட்டதால் உள்ளே வைத்த கீரை உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கோடை தொடங்கும்போது ஒரு தடவை, மழை முடிந்து பனி தொடங்கும்போது ஒரு தடவை அளந்து மாற்றினால் போதும்.

பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சூடு வெளியே போக வேண்டும். அங்கே தண்ணீர் சேரும் தட்டு இருந்தால் வாரம் ஒரு முறை கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும்.

3. உள்ளே போகக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் இடம் பற்றாது. உருளைக்கிழங்கு குளிரில் இருந்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வறுத்தால் சட்டென்று கருகும், ருசியும் இனிக்கும். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளையின் ஈரத்தில் வெங்காயம் முளைவிடும். வாழைப்பழம், தேங்காய் எண்ணெய், தேன் எதற்கும் பிரிட்ஜ் வேண்டாம். ஏற்காட்டுக் காபித் தூளையும் அடிக்கடி உள்ளே வைத்து வெளியே எடுத்தால் ஈரம் கோத்து மணம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியிலேயே இருக்கட்டும்.

மாம்பழ சீசனில்தான் பெரிய தவறு நடக்கிறது. பெட்டியாக மல்கோவாவோ சேலம் குண்டோ வந்ததும், கெட்டுவிடுமே என்று பழுக்காததையும் சேர்த்து உள்ளே அடுக்கிவிடுகிறார்கள். பழுக்காத மாங்காய் அந்தக் குளிரில் அடிபட்டுப் போகும். தோல் கறுக்கும், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. வைக்கோலில் பரப்பி வையுங்கள், தினமும் தொட்டுப் பாருங்கள், காம்புப் பக்கம் மணம் வந்து லேசாக அமுங்கியதை மட்டும் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். நாலு நாள் வரை தாங்கும். மலையிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டுக்கும் இதே முறை.

பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கீரை அதில் மஞ்சளாகும், கேரட் கசக்கும். ஆகவே மாம்பழமும் ஆப்பிளும் காய்ப் பெட்டிக்குள் போகக் கூடாது, மேல் தட்டில் தனியாக வையுங்கள்.

4. இடத்தைப் பிரியுங்கள்

ஒற்றைக் கதவு பிரிட்ஜில் அதிகக் குளிர் ஃப்ரீசருக்கு நேர் கீழே. கீழே வர வரக் குறையும். கதவுதான் எல்லாவற்றிலும் சூடான இடம், திறக்கும்போதெல்லாம் அடுப்படிக் காற்று அதன்மேல் படுகிறது. இரட்டைக் கதவில் பின் சுவரில் குளிர்காற்று வரும் ஓட்டைகள் இருக்கும், அவற்றை ஒட்டிப் பாத்திரம் வைத்தால் காற்று ஓடாது, அந்தப் பொருளும் உறைந்துபோகும்.

ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டில் பாலும், மறுநாள் சமைக்கப்போகும் மீனும் கறியும். மேட்டூர் மீனோ கோழியோ எதுவானாலும் இறுக மூடிய டப்பாவில் இருக்க வேண்டும். பையோடு வைத்தால் அதன் தண்ணீர் கீழே உள்ள சமைத்த சாப்பாட்டில் சொட்டும். இரட்டைக் கதவில் பச்சை இறைச்சியைக் கீழ்த் தட்டில் வைப்பது நல்லது.

கண்ணுக்கு நேரான தட்டில், முன் பாதியில், அந்தத் தட்டையான கூடையை வையுங்கள். இதைத்தான் நாங்கள் ‘இன்னிக்குத் தட்டு’ என்று சொல்கிறோம். நேற்றைய கூட்டு, அரை வெங்காயம், பாதி நறுக்கிய கோஸ், ஒரு மூடித் தேங்காய் என்று இன்றோ நாளையோ தீர வேண்டியது எல்லாம் இதில் மட்டும். சமைக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தட்டு நிரம்பிவிட்டால் அன்றைக்குப் புதுக் காய் நறுக்குவதில்லை என்பது எங்கள் வீட்டு முறை.

அதற்குக் கீழே மாவு, தயிர், முட்டை. முட்டைக்குக் கதவில் குழி கொடுத்திருந்தாலும் உள் தட்டிலேயே வையுங்கள். கதவுக்கு ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் போதும்.

இன்னொன்று, ஆழம். பின் பாதியில் உயரமான பொருள், முன் பாதியில் குட்டையானது. ஒன்றன்மேல் ஒன்றாக எவர்சில்வர் கிண்ணம் அடுக்கினால் உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. டப்பா வாங்குவதானால் இப்போது வாங்கலாம்: உள்ளே தெரிகிற மாதிரி, குட்டையாக, நாலைந்து மட்டும்.

5. கீரையும் காயும்: அன்றைக்கே அரை மணி நேரம்

சந்தையில் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் கீரை விற்பார்கள். அந்த ஈரத்தோடு பையைக் கட்டி உள்ளே வைப்பதுதான் கொத்தமல்லி கூழாவதற்குக் காரணம். வந்ததும் கட்டை அவிழ்த்து, மின்விசிறியின் கீழ் துணியில் பரப்புங்கள். இலை வாடக் கூடாது, மேல் ஈரம் மட்டும் போக வேண்டும். வேரை வெட்டி, அழுகல் இலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கழுவாமல், வேட்டித் துண்டில் தளர்வாகச் சுருட்டி டப்பாவில் போடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை துணியைத் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள். இப்படி வைத்தால் எங்கள் வீட்டில் எட்டு, பத்து நாள் வருகிறது. புதினாவும் அப்படித்தான். கறிவேப்பிலையை உருவித் துடைத்து வைத்தால் இன்னும் அதிக நாள் வரும்.

முருங்கைக் கீரை காத்திருக்காது. காம்போடு ஒரு ராத்திரி வைத்தால் இலை தானே உதிர்ந்து பழுத்துவிடும். வாங்கிய அன்றே உருவுங்கள், நேரமில்லை என்றால் அந்த வாரம் வாங்க வேண்டாம். அரைக்கீரை, சிறுகீரை இரண்டு நாள் கணக்கு. ஞாயிறு மூன்று கட்டு வாங்கி வெள்ளிக்கிழமை வரை நம்புவது நடக்காது.

கேரட், பீட்ரூட்டின் தழையை வெட்டிவிடுங்கள், தழை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிக் காய்ந்த டப்பாவில். கத்தரிக்காய்க்கும் வெள்ளரிக்கும் கடுங்குளிர் ஆகாது. கீழே உள்ள காய்ப் பெட்டியில் வைத்து வாரத்தின் முதல் பாதியிலேயே தீர்த்துவிடுங்கள். பீன்ஸ் அதற்கு அடுத்து. கோஸ், சௌசௌ, பீட்ரூட் கடைசிக்கு நிற்கும். பெட்டியின் அடியில் ஒரு துணி விரித்தால் சேரும் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும்.

தக்காளியில் செங்காய் வெளியே, நன்றாகப் பழுத்தது உள்ளே. தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் செலவழியுங்கள், அதுதான் முதலில் கெடும். என் நோட்டில் இருந்ததும் அந்த மூடிதான்.

6. மாவு

கோடையில் இங்கே ஐந்தாறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். ஆட்டி முடித்ததும் மொத்தத்தையும் புளிக்க வைக்காதீர்கள். நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மீதியைப் பொங்கும் முன்பே பிரிட்ஜில் வையுங்கள். தேவைப்படும் நாளில் மூன்று நாலு மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் பொங்கிக்கொள்ளும்.

ஒரே பெரிய போசியில் வைத்து, தினமும் முழுதாக வெளியே எடுத்து ஒரு கரண்டி மொண்டு திரும்ப உள்ளே வைப்பதுதான் மூன்றாம் நாளே புளித்துப்போவதற்குக் காரணம். ஒவ்வொரு தடவையும் மொத்த மாவும் சூடேறுகிறது. ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரியுங்கள், முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். லேசாகப் புளித்தது ஊத்தப்பத்துக்கும் குழிப்பணியாரத்துக்கும் ஆகும். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் மேலாக வழித்துவிட்டு ஊற்ற வேண்டாம், முழுதாகக் கொட்டிவிடுங்கள்.

7. மிஞ்சிய சோறும் குழம்பும்

சோற்றில்தான் அதிக கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெளியே ஆறிக்கிடக்கும் நேரத்தில் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஆகவே சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். நம் கோடையில், அடுப்படி 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில், ஒரு மணி நேரம்தான் கணக்கு. மறுநாள் அதைத் தீர்த்துவிடுங்கள்.

கொதிக்கும் குண்டாவை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்துப் பால் சூடாகும். வெளியே ராத்திரி வரை விட்டாலும் கெடும். அகலமான தட்டையான பாத்திரத்தில் மாற்றி, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் இறக்கி வைத்தால் சீக்கிரம் ஆறும். சோற்றைத் தட்டில் பரப்பிவிடுங்கள்.

மூடியதும் டேப் ஒட்டி நாள் எழுதுங்கள். “சாம்பார், செவ்வாய்” என்று இரண்டு சொல் போதும். டேப்பும் பேனாவும் பிரிட்ஜின் பக்கவாட்டிலேயே தொங்கட்டும். அலமாரிக்குள் வைத்த வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் எழுதவில்லை. சாம்பார், பொரியல், கறிக்குழம்பு எதற்கும் இரண்டு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. அடிக்கடி மின்சாரம் போகிற ஊரில் அதற்கு மேல் நம்ப முடியாது. சுடவைக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

8. ஃப்ரீசர்

ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஃப்ரீசர் சின்னது, தனி ஃப்ரீசர் அளவுக்குக் குளிராது. மாதக்கணக்கில் சேர்க்க வேண்டாம். துருவிய தேங்காய், உரித்த பட்டாணி, இஞ்சி பூண்டு விழுது இதற்கெல்லாம் நன்றாக ஒத்துவரும். பையில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள், வேண்டிய அளவு ஒடித்து எடுத்துக்கொள்ளலாம். ஐஸ் விரல் கனம் ஏறினால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கத்தியால் குத்தவே கூடாது, உள்ளே ஓடும் குழாய் ஓட்டையானால் கேஸ் போய்விடும்.

9. மின்தடை நாளுக்கு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மத்தியானம் 2 மணி வரை, சில நாள் சாயங்காலம் 5 மணி வரைகூட ஆகும். கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிரைத் தாங்கும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரின் காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள். காலையில் மத்தியானத்துக்கு வேண்டிய தயிரையும் காயையும் 9 மணிக்கு முன்பே எடுத்துவிட்டு, கதவில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் பழக்கத்தில் திறப்பதை அது நிறுத்தும். அன்று மீன், கறி வாங்க வேண்டாம். நாலு மணி நேரம் தாண்டினால் பாலை எடுத்துக் காய்ச்சுங்கள். சமைத்த மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

10. வாரம் ஒரு தடவை, பத்து நிமிடம்

மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுக்கத் தேவையில்லை. சந்தைக்கு முந்தின ராத்திரி, பின் பாதியில் இருப்பதை முன்னால் இழுங்கள். கடைசியாக மிஞ்சிய இரண்டு கேரட், ஒரு சௌசௌ, நாலு பீன்ஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டுக்கோ குருமாவுக்கோ போகட்டும். துணிகளை மாற்றுங்கள். எறிந்தது ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதுங்கள். ஒரே பொருள் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் அதைப் பாதி அளவாக வாங்குங்கள். எனக்கு அது கொத்தமல்லியில் நடந்தது. பக்கத்து வீட்டோடு கட்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம்.

காலையில் மஞ்சப்பையை எடுக்கும் முன், கதவைத் திறந்து தட்டுகளையும் காய்ப் பெட்டியையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று, வீட்டில் கால் கிலோ கிடக்கிறதா இல்லையா என்று யோசிக்கும்போது அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள்.